நடு கர்டருக்கு ஒரு கதவுக்கட்டை

அத்தியாயம் பதினேழு

பொழுது விடிந்ததிலிருந்து எங்கள் சமையலறைக் கதவு டமார் டமார் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, இந்தக் கதவுக்கு வைக்கிற கட்டை எங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"நேத்து வரைக்கும் இங்கதான் கிடந்தது. கட்டைக்குக் கால் முளைச்சு நடந்து போயிருச்சா?"

நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பேப்பரை நான் படிக்கிறவன் இல்லை. அதில் வருவதை நம்புகிறவனும் இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல சாமான் கிடையாது.

கட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மகள் கட்டிய பாலத்துக்கு அடியில், நடு கர்டருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தது.

போன வாரம் வரைக்கும் கூடவே வந்தவர்களுக்கு எங்கள் குடும்பக் கதை தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் ரோடு ரோலர் ஓட்டினவன். என் மகள் பாலம் கட்டுகிற இன்ஜினியர். எங்கள் ஆற்றில் ஒரு பழைய தரைப்பாலம் உண்டு. தண்ணீர் வந்தால் முழுகிப் போகும். அப்புறம் இந்தக் கரைக்காரன் இந்தக் கரையிலேயே இருக்க வேண்டியதுதான். அதற்கு மேலே, உயரத்தில், ஒரு புதுப் பாலம் வந்திருக்கிறது. என் மகள் தானே கணக்குப் போட்டு, தானே வெயிலில் நின்று கட்டிய முதல் பாலம்.

அக்கரையில் என் மச்சினன் வீடு இருக்கிறது. அவன் அந்த வீட்டைக் கட்டி முடித்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் சும்மா இருந்திருக்கலாம். சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "உள்ளே பொக்கு, நிக்காது" என்று வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். வீடு இன்றைக்கும் நிற்கிறது. மேலே ஒரு மாடி வேறு எடுத்துவிட்டான். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியதுதான் மிச்சம். போன வாரம் என் வீட்டுக்காரி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: பாலம் திறந்ததும் முதல் வேலையாக அவள் தம்பி வீட்டுக்குப் போகிறோம், நானும் கூட வர வேண்டும்.

இப்போது கட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அதன் மேல் தன் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே போட்டாள். நடுவில் விரலால் அழுத்தினாள். ஸ்கேல் வளைந்தது. விரலை எடுத்தாள். நேராகிவிட்டது.

"நாளைக்கு இதைத்தான் பாலத்துல செய்யப் போறோம்ப்பா. விரலுக்குப் பதிலா ஜல்லி ஏத்தின லாரி. பாலம் கொஞ்சம் வளையும். லாரியை இறக்கினதும் பழைய இடத்துக்கு வந்துடும்."

"வளையுமா?"

"வளையணும். எவ்வளவு வளையணும்னு கணக்கு இருக்கு. அதுக்கு மேல போனாலும் தப்பு, ரொம்பக் குறைஞ்சாலும் தப்பு."

நானும் ஒரு விரலை வைத்து அழுத்தினேன். டம்ளர் உருண்டது. ஸ்கேல் துள்ளிப் போய்த் தண்ணீர்ப் பானைக்குள் விழுந்தது.

"பார்த்தியா" என்றேன்.

"இது ஸ்கேலோட தப்பு இல்ல. உங்க விரல் ரோலர் விரல்" என்று சிரித்துக்கொண்டே பானைக்குள் கையை விட்டாள். அவள் அம்மா அகப்பையை ஓங்கினாள். "குடிக்கிற தண்ணியில கையை விடாதேடி."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டில் அமுங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ரோலர் போகும்போது கீழே மெத்தென்று இறங்கினால் அந்த இடத்தில் மண் சரியில்லை. தோண்டி எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அமுங்குகிற இடத்தில் ரோடு நிற்காது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் சோறு தின்றேன். என் மகள் வந்து, வளைந்தால்தான் நல்லது என்கிறாள்.

"லாரி ஏறும்போது நீ எங்க நிப்பே?" என்று கேட்டேன்.

"மேலதான். கோடு போட்டு வச்சிருக்கோம். கோட்டு மேல சரியா நிக்குதான்னு பார்த்து நிறுத்தணும்ல."

அதோடு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம், காவல்காரன் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துப் பாலத்துக்கு அடியில் இறங்கினேன். பையில் கதவுக்கட்டை. கதவுக்கட்டை என்று சொல்கிறேனே ஒழிய, அது என் ரோலர் சக்கரத்துக்கு நான் வைத்துக்கொண்டிருந்த ஆப்பு. சரிவில் நிறுத்தினால் ரோலர் உருண்டுவிடாமல் பிடிக்கும். சிவப்பு பெயிண்ட் அடித்தது. வேலையை விட்டு வந்தபோது அதை மட்டும் கையோடு கொண்டுவந்தேன், வீட்டில் கதவுக்கு ஆயிற்று.

கர்டர் என்பது பாலத்தைத் தாங்குகிற உத்திரம். எங்கள் பாலத்துக்கு அஞ்சு. ஒவ்வொன்றின் நடு வயிற்றிலும் கடிகாரம் மாதிரி ஒரு டயல் தொட்டுக்கொண்டிருந்தது. கர்டர் எவ்வளவு இறங்குகிறது என்று முள் காட்டும். அந்த டயல்களைத் தாங்கக் கம்புகளைக் கட்டிச் சாரம் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கம்புக் காட்டுக்குள் இன்னும் ஒன்று நின்றால் யாருக்குத் தெரியும்?

கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பிரித்துக் குவித்திருந்த மரங்களில் தடியாக ஒன்றை இழுத்துவந்து நடு கர்டருக்கு அடியில் நிமிர்த்தினேன். கீழே பழைய தரைப்பாலம் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் ரோலர் ஓட்டியவன் நான். அந்த இடத்தில் நான் நம்புகிற ஒரே சாமான் அதுதான். மரத்தின் காலுக்கும் தரைப்பாலத்துக்கும் நடுவில் ஆப்பைச் செருகி, ஒரு கல்லை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தேன். மரம் விறைப்பாக நின்றது. தட்டினால் ணங் என்றது.

வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

*

காலையில் நான் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. எல்லாம் எடைமேடையில் ஏறி இறங்கி வந்தவை. பாலத்தின் மேல் சிவப்புக் கோடுகள். மஞ்சள் ஹெல்மெட்டும் முழங்கால் வரை பூட்ஸுமாக என் மகள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். அக்கரையில் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்க நின்றது.

சோதிக்க வந்த அதிகாரி நெட்டையான மனிதர், அகலமாக ஒரு தொப்பி. அதனால் எல்லாரும் அவரைத் தொப்பி என்றார்கள், அவர் காது கேட்காத தூரத்தில். கரையில் முக்காலி வைத்து, அதன் மேல் தூரக்கண்ணாடி மாட்டி, அதன் வழியாக டயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமை ஏறிவிட்டால் அடியில் ஒரு ஆள் போகக்கூடாது, அதுதான் முறை.

"அப்பா, நீங்க ஏன் வந்தீங்க? வெயில்ல நிக்க வேண்டாம்" என்றாள் மகள்.

"வேடிக்கை பார்க்கத்தான்."

"உங்க முகத்தைப் பார்த்தா வேடிக்கை பார்க்க வந்த மாதிரி இல்லையே. ஆபரேஷன் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

முதல் லாரி ஏறியது. என் மகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, இரண்டு கையாலும் வா வா என்று அழைத்துக்கொண்டே போனாள். நான் கரையில் நின்று லாரிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி கோட்டில் நின்றது. பாலம் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் ஏறி நின்ற பிறகும் பாலம் மலை மாதிரி இருந்தது. ஏன் இருக்காது, அடியில் என் கட்டை இருக்கிறதே என்று எனக்குள் ஒரே பெருமை.

தொப்பிக்காரர் தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்து ஒவ்வொரு டயலாகப் படித்தார். மகள் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைத் தன் கணக்கோடு ஒத்துப் பார்த்தாள். ஓரத்துக் கர்டர் சரி. அடுத்தது சரி. நடு கர்டர் என்றபோது அவர் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாதிதான் இருக்கு" என்றார்.

"பாதியா? நல்லாப் பாருங்க சார்."

"நீயே பாரும்மா."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வெயில் இல்லாத மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "வளையலைன்னா நல்லதுதானே சார்? கெட்டியா இருக்குன்னுதானே அர்த்தம்?"

தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். "அஞ்சு பேர் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கறாங்க. நாலு பேருக்கு வேர்க்குது, நடுவுல இருக்கிறவருக்கு மட்டும் வேர்க்கலை. நீங்க என்ன நினைப்பீங்க?"

"அவன் கை கொடுக்கலைன்னு."

"அப்படியும் இருக்கலாம். வேற ஏதோ கோளாறாவும் இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியணும். கணக்குப்படி நடக்காத பாலம், நல்லபடியா நடந்துக்கிட்டாலும் எனக்குச் சந்தேகம்தான்."

சந்தேகம் என்ற வார்த்தையை நான் ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்திருக்கிறேன். அது திரும்பி என் மகள் பக்கம் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

லாரிகளை இறக்கச் சொன்னார். இறக்கியதும் மகளிடம் தனியாகப் பேசினார். தனியாக என்றால் நான் நிற்கிற இடத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நடு கர்டர்ல துளை போட்டு ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லி எழுதணும். அதுவரைக்கும் பாலத்தை மூடித்தான் வைக்கணும். அடுத்து வர்ற பெரிய ஆத்துப் பாலத்து வேலைக்கு உன்னைச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப முடியாதும்மா."

"புரியுது சார். ஒரு தடவை கீழே போய்ப் பார்த்துட்டு எழுதுங்க. டயல் மாட்டினதுல ஏதாவது தப்பு இருக்கலாம்."

"வா, பார்ப்போம்."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஹெல்மெட் வாரைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அழ மாட்டாள், சட்டை நுனியை இப்படித்தான் தேய்ப்பாள்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொல்லிவிட்டால் பாலம் பிழைத்துவிடும். ஆனால் என்னவென்று சொல்வது? இத்தனை லாரிக்காரன், மேஸ்திரி, வேலையாள் எல்லாரும் கேட்க, என் மகள் கட்டியதை நான் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். மச்சினன் வீட்டுச் சுவரைத் தட்டியபோது சுலபமாக வந்த வார்த்தை, இப்போது வர மறுத்தது.

அவர்கள் சரிவில் இறங்கினார்கள். நானும் பின்னாலேயே இறங்கினேன். இன்னும் பத்தடி போனால் கட்டை கண்ணில் படும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"இந்தாம்மா, நில்லு" என்று கூப்பிட்டேன். மகள் திரும்பினாள்.

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரி மறுபக்கத்துப் பாதை வழியாகப் பாலத்துக்கு அடியில் வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்தாள்.

"அட, இங்கயா கிடக்கு" என்றாள்.

"என்னம்மா?"

"நம்ம வீட்டுக் கதவுக்கட்டை. காலையிலேர்ந்து கதவு அடிச்சு அடிச்சு என் மண்டை பொளந்து போச்சு. இது இங்க வந்து உக்காந்திருக்கு."

என் மகள் கட்டையைப் பார்த்தாள். கட்டை மேல் நின்ற மரத்தைப் பார்த்தாள். அவள் பார்வை மெதுவாக ஏறிக்கொண்டே போய், கர்டரில் முட்டி நின்றது. அப்புறம் அதே நிதானத்தோடு இறங்கி என் பக்கம் திரும்பியது.

"நான்தான்" என்றேன்.



"எதுக்குங்க?" என்று தொப்பிக்காரர் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"விழுந்துடுமோன்னு பயம். மேலே என் பொண்ணு நிக்கப் போறேன்னு சொன்னா. அதான் நேத்து வந்து முட்டுக் கொடுத்தேன்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பாலத்துக்கு முட்டுக் கொடுத்து என்னை ஏமாத்தப் பார்த்தவங்க நிறைய பேர். முட்டுக் கொடுத்துப் பொண்ணு வேலையைக் கெடுக்கப் பார்த்தவரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

அவ்வளவுதான். என் மகள் அப்படியே பழைய தரைப்பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"கர்டர் நல்லாத்தான் இருக்கு சார். எங்கப்பாதான் சரியில்லை" என்றாள்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள் அம்மா.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி கேட்டாள்.

"என் கணக்கை நம்பலையாப்பா, என்னை நம்பலையா?"

"எனக்குக் கணக்கு தெரியாதேம்மா."

"அப்ப என்னைத்தான்."

 பதிலுக்கு அவள் நின்று காத்திருக்கவில்லை. ஒரு சுத்தியலை வாங்கிக் கட்டையை ஒரே அடியில் தட்டி எடுத்தாள். மரம் சாய்ந்து விழுந்தது. பாலம் அப்படியே நின்றது.

"சார், டயலைத் தாங்கறதை மட்டும் விட்டுட்டு மத்த கம்பு எல்லாத்தையும் எடுத்துடறோம். நீங்களே ஒவ்வொரு கர்டருக்கு அடியிலயும் கையை விட்டுப் பாருங்க. முள்ளை மறுபடி பூஜ்யத்துல வச்சு முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். நாளைக்குன்னா இவரு வீட்டுக் கதவையே பேர்த்துட்டு வந்துடுவாரு."

*

கம்புகளை எடுத்தார்கள். தொப்பிக்காரர் ஏணியில் ஏறி, முழங்கையில் ஒட்டடை ஒட்டும்வரை தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முள்களைத் திருப்பி வைத்தாயிற்று. என் மகள் மேலே ஏறிக் கையைக் காட்டினாள்.

முதல் லாரி நகரவில்லை.

அதன் டிரைவர், கழுத்தில் துண்டு போட்ட ஒரு கனத்த ஆள், கீழே இறங்கி லாரியிலேயே சாய்ந்து நின்றான்.

"என்னண்ணே, ஏறுங்க" என்றாள் மகள்.

"மன்னிச்சுக்கம்மா. காலையில ஏறினப்ப எனக்கு விஷயம் தெரியாது. பெத்தவரே நம்பாம ராத்திரி பகல் பார்க்காம முட்டுக் கொடுத்திருக்காரு. இப்ப அந்த முட்டும் இல்லை. எனக்கு வீட்டுல புள்ளைங்க இருக்கு."

"அண்ணே, முட்டுக்கும் பாலத்துக்கும் சம்பந்தமே இல்லை."

"அதை உங்கப்பாகிட்ட சொல்லும்மா."

மற்ற டிரைவர்கள் டயரைப் பார்த்துக்கொண்டும், வானத்தைப் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். ஒருத்தன் மெல்ல சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். தொப்பிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மகள் ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். அவள் சொன்னால் எடுபடாது. அவள் பேச்சை எடுபடாமல் செய்தவன் நான்.

"சாவியைக் கொடு" என்றேன்.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பெரியவரே, இது ரோலர் இல்லை. ஓடும்."

"கனரக லைசென்ஸ் இருக்கு. இன்னும் உயிரோட இருக்கு, என்னை மாதிரி."

"அப்பா, வேண்டாம்" என்று மகள் ஓடி வந்தாள். "நான் வேற டிரைவரை வரச் சொல்றேன்."

"ஏன், பாலம் தாங்காதா?"

அவள் என்னை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்து, வாரை இழுத்து மாட்டினாள். கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்தாள்.

"கோட்டை விட்டு ஒரு விரல் தள்ளிப் போனாலும் மறுபடி எடுக்கச் சொல்லுவேன்" என்றாள்.

என் வீட்டுக்காரி லாரிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கட்டை வேணுமா? கையிலதான் வச்சிருக்கேன்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் கொஞ்ச நேரத்தில் வழிக்கு வந்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும்.

வண்டியை எடுத்தேன். முன்னால் என் மகள் பின்பக்கமாக நடந்தபடி, இரண்டு கையாலும் வா வா என்றாள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே இருக்கிறது எல்லாம் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. நான் அவள் கையை மட்டும் பார்த்தேன். கையை மடக்கினாள். நிறுத்தினேன். நடு கர்டருக்கு நேர் மேலே.

"இறங்கி வாங்க" என்றாள்.

"இங்கயே இருக்கேன். சார்கிட்ட கேளு."

தொப்பிக்காரர் கரையிலிருந்து கையை வீசினார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம். லாரி ஜல்லியோடு பார்த்தால் நான் ஒரு கூழாங்கல்.

துண்டுக்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, பெரியவரே போய் உக்காந்துட்டாரு, நமக்கென்ன" என்று அடுத்த வண்டியில் இருந்தவனைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. இரண்டாவது லாரி ஏறியது.

ரோலர் ஓட்டுகிறவனுக்குக் கண் முகத்தில் இல்லை, உட்காருகிற இடத்தில் இருக்கிறது. கீழே மண் எப்படி என்று அதுதான் சொல்லும். அந்த லாரி எனக்குப் பின்னால் வந்து நின்றபோது என் இருக்கை லேசாக இறங்கியது. இறங்கி, ஒரு சின்ன ஏற்றம் ஏறி, நின்றது. அடுத்த லாரி. மறுபடி ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். ரோட்டில் மண் அமுங்கினால் அமுங்கினதுதான், செத்த மாதிரி கிடக்கும். இது அப்படி இல்லை. தூங்குகிற ஆள் மார்பில் கை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

"நடு கர்டர்" என்று தொப்பிக்காரர் குரல் வந்தது. அப்புறம் ஒரு எண் சொன்னார். எனக்கு அந்த எண் விளங்கவில்லை. என் மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தேன். அது விளங்கியது.

லாரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் நான் இறக்கினேன். முள்கள் எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. தொப்பிக்காரர் தூரக்கண்ணாடியை மடக்கி உறையில் போட்டார்.

"நல்ல பாலம்மா" என்றார். "பெரிய ஆத்து வேலைக்கு உன்னைச் சொல்லிடறேன். ஒரு நிபந்தனை. அங்க உங்கப்பா அடியில இறங்கக்கூடாது."

"அந்த ஆத்துல ஆழம் அதிகம் சார். மரம் எட்டாது" என்றாள் என் மகள்.

*

என் வீட்டுக்காரி லாரியின் நிழலில் சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள். கொண்டுவந்தது மூன்று பேருக்கு. சாப்பிட்டது லாரிக்காரர்கள், மேஸ்திரி, தொப்பிக்காரர் எல்லாரும். என் மகள் லாரிப் படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பூட்ஸ் காலை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடுகிற பிள்ளை மாதிரி.

"அந்தக் கட்டையைக் கொடு, பையில போட்டுக்கறேன்" என்றாள் அம்மா.

"தர மாட்டேன். இது என் ஆபீஸ் மேஜையில இருக்கும்."

"அப்ப என் கதவு?"

"கதவுக்கு அப்பாவை வச்சுக்கங்க. முட்டுக் கொடுக்கறதுல கெட்டிக்காரரு."

நான் அவள் தட்டில் என் பங்கையும் எடுத்துப் போட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே சாப்பிட்டாள். கொஞ்சம் கழித்து, "உக்காந்திருந்தப்ப எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"வளைஞ்சுது."

"ம்."

"திரும்பி வந்துச்சு."

"ம்" என்றாள். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நடந்து போகிறவர்கள் போகலாம் என்று தொப்பிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அக்கரைக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒருத்தர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பாலத்தில் கால் வைத்தார். வெள்ளைச் சட்டை. நிதானமான நடை.

என் வீட்டுக்காரி கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "என் தம்பி" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவன் பாலத்தின் நடுவுக்கு வந்து நின்றான். கைப்பிடிச் சுவரை விரல் முட்டியால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். நகர்ந்து வந்து இன்னொரு இடத்தில் தட்டினான். அது எந்த நாடகம் என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டில் நான் ஆடியது. அத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, தலையைச் சாய்க்கிற சாய்ப்பு வரைக்கும் அப்படியே ஆடினான்.

என் மகள் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "என்ன மாமா, பொக்கா?" என்று கேட்டாள்.

"கெட்டியா இருக்கு" என்றான் அவளிடம். அப்புறம் என் முன்னால் வந்து நின்றான். தலை நரைத்திருந்தான். நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான்" என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று.

"சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான். "மாடி எடுத்ததுலேர்ந்து வீட்டுல ஒரு சுவத்துல சத்தம் மாறுது. கொத்தனார் ஒண்ணுமில்லேங்கறாரு. வந்து பார்த்தவங்க எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து ஒரு தடவை தட்டிப் பார்க்கணும்."

என் மகள் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரி பாத்திரங்களைப் பைக்குள் அள்ளிப் போட்டாள்.

"திறப்பு விழா வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு? நடங்க" என்றாள்.

நடந்தோம். நடு கர்டரின் நடு வயிற்றுக்கு மேலே வந்தபோது நான் மட்டும் கொஞ்சம் நின்று, ஒரு காலை அழுத்தி வைத்துப் பார்த்தேன்.

"அப்பா" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

"ஒண்ணுமில்லை, வர்றேன்" என்றேன்.